கெக்கரிப் பிஞ்சு ஊறுகாய் பழுதானால்: வன்னி அடுப்படிக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் செய்முறையில் "அறை வெப்பநிலையில் மூன்று கிழமை வைக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். அங்கத்தைய அறை 20 பாகை செல்சியசைச் சுற்றி நிற்கும். இங்கே தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்து மத்தியானம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சதகுப்பை (டில்) போட்ட கெக்கரிப் பிஞ்சு ஊறுகாய் வன்னியில் பழுதாவது பெரும்பாலும் மூன்று இடத்தில்தான்: வெக்கை, கிணற்றுத் தண்ணீர், வினாகிரிப் போத்தலின் லேபிள். செய்முறையை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்கள் இந்த மூன்றையும் பார்ப்பதில்லை.

அயலில் யாருக்காவது ஊறுகாய் பிழைத்தால் போத்தலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அக்கா, இது இப்பிடி ஆயிட்டுது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாது. ஆகவே இதையும் கண்ணுக்குத் தெரிகிற அறிகுறிப்படியே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு போகிற காரணம் கடைசியில்.

## முதலில்: உங்களுடையது எந்த முறை?

வினாகிரி முறை. 5 வீத வினாகிரி அரை லீற்றர், தண்ணீர் அரை லீற்றர், உப்பு 40 கிராம். கொதிக்க வைத்து, பிஞ்சும் சதகுப்பையும் உள்ளியும் கடுகும் அடுக்கிய சூடான போத்தலுக்குள் ஊற்றி, வாயிலிருந்து அரை அங்குலம் இடம் விட்டு மூடி, கொதிநீருக்குள் முழுவதும் அமிழ வைப்பது. அரை லீற்றர் போத்தலுக்கு 10 நிமிடம், ஒரு லீற்றருக்கு 15 நிமிடம். இது வன்னி போன்ற தாழ்ந்த நிலத்துக்கான கணக்கு. நுவரெலியாவில் இருக்கும் தங்கச்சிக்கு இதையே சொல்லிவிடாதீர்கள், மலையில் நேரம் கூடும்.

புளிக்க வைக்கும் முறை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு உப்பு 75 கிராம், வினாகிரி 2 மேசைக்கரண்டி. பிஞ்சு மேலே மிதக்காமல் பாரம் வைத்து 3 தொடக்கம் 4 கிழமை.

உப்பைத் தராசில் நிறுங்கள். கல்லுப்பைக் கோப்பையால் அளந்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்றைத்தான் அளக்கிறோம். கோப்பை நிறைந்திருக்கும், உப்பு குறைந்திருக்கும்.

## மூடி வீங்கியிருக்கிறது, திறந்தால் சீறுகிறது

*புளிக்க வைத்து, கொதிநீரில் வைக்காமல் பிறிட்ஜில் வைத்ததா?* கொஞ்சம் சீறும். அது இயல்பு. மூடியை இடைக்கிடை தளர்த்திவிட்டால் போதும்.

*கொதிநீரில் வைத்து மூடி, அலுமாரியில் வைத்ததா?* இங்கே காரணம் தேடவே வேண்டாம். நாக்கு நுனியில் வைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். புளிப்புப் போதாத போத்தலுக்குள் கிளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி வளர இடமுண்டு. அதன் நஞ்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. திறக்காமலே ஒரு பைக்குள் கட்டி, கிணற்றுக்குத் தூரத்தில் ஆழமாகப் புதையுங்கள். கோழிக்கும் மாட்டுக்கும் போட வேண்டாம். "வீணாப் போகுதே" என்று வளவுக்குள் கொட்டுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. இதில் அது ஆகாது.

அதே நாளில் செய்த மற்றப் போத்தல்களை எடுத்துப் பாருங்கள். ஒன்று வீங்கினால் மூடி பிழைத்திருக்கலாம். எல்லாம் வீங்கினால் வினாகிரி பிழைத்திருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் வீங்கியது குழிக்குத்தான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கட்டம்: சாப்பிட்டவருக்குக் கண் இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது. பெரும்பாலும் சாப்பிட்டு 12 தொடக்கம் 36 மணித்தியாலத்துக்குள் தொடங்கும், சில வேளை நாட்கள் பிந்தியும் வரும். கைமருந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990க்கு அழையுங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை வைத்தியரிடம் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

## பிஞ்சு தொய்ந்து போகிறது, கடித்தால் நொறுங்குவதில்லை

என்னிடம் வரும் போத்தல்களில் இந்தக் குறைதான் கூட. போத்தலைத் திறந்து ஒரு பிஞ்சை இரண்டு விரலால் அழுத்துங்கள். தோல் வழுக்குகிறதா? அப்படியானால் அது தொய்வு இல்லை, பழுது. முழுவதையும் எறியுங்கள். வழுக்கவில்லை, மணம் சரி, மூடியும் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் மெத்தென்று இருக்கிறது என்றால் கீழே இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பூ முனையை வெட்டினீர்களா? பிஞ்சுக்கு இரண்டு முனை. காம்பு முனை ஒன்று, பூ காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் முனை மற்றது. சதையைக் கரைக்கிற நொதியம் அந்தப் பூ முனையில்தான் இருக்கிறது. இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு துண்டு சீவினால் போதும். பலர் காம்பை மட்டும் கவனமாக வெட்டிவிட்டுப் பூப் பக்கத்தைக் கழுவி விடுகிறார்கள். எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருந்தால் இரண்டையும் சீவுங்கள்.

பறித்து எவ்வளவு நேரம்? 24 மணித்தியாலத்துக்குள் போத்தலுக்குள் போக வேண்டும். காலையில் தோட்டத்தில் பறித்து, சாக்கில் கட்டி, வெயிலில் சந்தையில் கிடந்து, பின்னேரம் விலை குறைத்து விற்கும் பிஞ்சு ஏற்கெனவே பாதி தொய்ந்ததுதான். மலிவென்று வாங்கினால் கறிக்கு வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஐஸ் போட்ட தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்தால் ஓரளவு திடம் மீளும்.

கொதிநீரில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? பயத்தில் அரை மணித்தியாலம் கொதிக்க வைக்கிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் பிஞ்சு அவிந்து போகும். போத்தலை இறக்கிய பிறகு தண்ணீர் திரும்பக் கொதிக்கத் தொடங்கும் நேரத்திலிருந்து 10 அல்லது 15 நிமிடம், அவ்வளவுதான். இன்னும் திடமாக வேண்டுமென்றால் வினாகிரி முறைக்கு வேறொரு வழி இருக்கிறது: தண்ணீரை 82 பாகைக்கும் 85 பாகைக்கும் நடுவே 30 நிமிடம் பிடித்து வைப்பது. அதற்கு நல்ல வெப்பமானி வேண்டும். விறகடுப்பில் கண் மட்டத்துக்குச் செய்கிற வேலையில்லை. 82க்குக் கீழே இறங்கினால் பாதுகாப்பில்லை.

எங்கே புளிக்க வைத்தீர்கள்? புளிக்க வைக்கும் முறைக்கு 21 தொடக்கம் 24 பாகை நல்லது. 27ஐத் தாண்டினால் பிஞ்சு தொய்யும். வன்னியில் வருடத்தின் பெரும் பகுதி பகல் இதற்கு மேலேதான். மார்கழி, தை மாதங்களில் கல்வீட்டின் மூலை அறையில், சீமெந்து நிலத்தில், சாடியைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டி வைத்தால் ஓரளவு சரிவரும். மற்ற மாதங்களில் வினாகிரி முறைக்கு மாறிவிடுங்கள். பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை புளிக்க வைப்பது, என்னைக் கேட்டால், உப்பையும் பிஞ்சையும் சேர்த்து எறிகிற வேலை.

சுண்ணாம்பில் ஊறவைத்தால் நொறுங்குமாமே? நொறுங்கும். ஆனால் சுண்ணாம்பு புளிப்பைக் கொன்றுவிடும். புளிப்புப் போனால் மேலே சொன்ன பொட்டுலினம் வரும். கடையில் விற்கும் வெற்றிலைச் சுண்ணாம்பை இதற்குப் பாவிக்கவே வேண்டாம், உணவுக்கென்று செய்தது வேறு. உணவுச் சுண்ணாம்பு கிடைத்து ஊறவைத்தாலும், கழுவி, புதுத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து வடிப்பதை மூன்று தரம் செய்ய வேண்டும். பூ முனையைச் சீவுகிறவருக்கு இந்தத் தலையிடி தேவையில்லை.

இனம் எது? செலவான காரணம் இதுதான். கறிக்கும் சம்பலுக்கும் போடும் கெக்கரி தண்ணீர் கூடிய இனம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும், ஊறுகாய்க்கென்றே பயிரிடும் சின்னக் கெக்கரியான கேர்க்கின் இனம்போல் நொறுங்காது. ஏற்றுமதிக்குக் கேர்க்கின் பயிரிடும் தோட்டத்தில் அளவு கூடியதென்று ஒதுக்கியதை மலிவாகக் கேட்கலாம். இல்லாவிட்டால் விதை வாங்கி நடவேண்டும்.

## தண்ணீர் கலங்கியிருக்கிறது

*புளிக்க வைத்ததா?* கலங்கத்தான் செய்யும். புளிக்கும்போது பெருகுகிற நல்ல நுண்ணுயிர்தான் அது. அடியில் வெள்ளையாக மண்டி தங்குவதும் அதேதான். பிஞ்சு திடமாக, வழுக்காமல் இருந்தால் சாப்பிடலாம்.

*வினாகிரி முறையா?* போட்ட அன்றே கலங்கினதா, சில நாள் கழித்தா? சில நாள் கழித்துக் கலங்கினால், அதுவும் மூடி தளர்ந்திருந்தால், பழுது. எறியுங்கள். போட்ட அன்றே என்றால் முதலில் உப்பைப் பாருங்கள். தூள் உப்பில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் கரையாது. ஒரு கிளாஸ் சுத்தத் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து ஒரு மணித்தியாலம் வையுங்கள். அது கலங்கலாக நின்றால் உங்கள் போத்தலும் அப்படித்தான் நிற்கும். ஆனையிறவு உப்பு போன்ற கல்லுப்பில் அந்தச் சேர்க்கை இல்லாவிட்டாலும் மண் இருக்கலாம். கரைத்து, தெளியவிட்டு, வெள்ளைத் துணியில் வடித்துப் பாவியுங்கள்.

உப்பு சரியென்றால் அடுத்தது தண்ணீர். கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படை பிடிக்கிறதா? சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா? அது வன்தண்ணீர். வன்னியில் பல குழாய்க்கிணறுகளில் இதுதான். 15 நிமிடம் கொதிக்க வைத்து, மூடி 24 மணித்தியாலம் வைத்து, மேலே மிதக்கும் ஆடையை எடுத்துவிட்டு, அடியைக் கலக்காமல் மெல்ல ஊற்றி எடுங்கள். அதைவிடச் சுலபம், குடிக்க எடுக்கும் ஆர்.ஓ. வடிகட்டித் தண்ணீரில் ஒரு கலன் ஊறுகாய்க்கு ஒதுக்குவது.

## மேலே வெள்ளை ஆடை படிகிறது

புளிக்க வைக்கும் சாடியில்தான் இது. தட்டையாக, சுருக்கம் விழுந்த பட்டுத்துணி மாதிரி இருந்தால் அது ஈஸ்ட். நாளாந்தம் வழித்தெடுங்கள். விட்டுவைத்தால் அது புளிப்பைத் தின்று, பிறகு பிஞ்சும் தொய்யும். பிஞ்சு தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீர் நிரப்பிக் கட்டிய பொலித்தீன் பை நல்ல பாரம். பை கிழிந்தாலும் உப்பு கெடாது.

மயிர் முளைத்தது போல, பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் பூஞ்சணம். மேலே எடுத்துவிட்டு அடியிலிருப்பதைச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் போக வேண்டும்.

## கறுக்கிறது, மண்ணிறமாகிறது

கிணற்றுத் தண்ணீரில் வாளியை இரவு வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். அடியில் செம்மண்ணிறமாகத் தங்கினால் இரும்பு. அதைவிடக் கெதியான சோதனை எல்லார் வீட்டிலும் உண்டு. அந்தத் தண்ணீரில் பால் விடாத தேத்தண்ணி ஊற்றிப் பாருங்கள். இரும்புத் தண்ணீரில் தேத்தண்ணி சிவக்காமல் ஊதாக் கறுப்பாக மங்கும். இதே காரணத்தால்தான் நொறுங்க வேண்டுமென்று திராட்சை இலையோ தேயிலையோ போட்டவர்களின் போத்தல் மை போல் கறுத்து நிற்கிறது. இலையில் இருக்கும் துவர்ப்பும் தண்ணீரில் இருக்கும் இரும்பும் சேர்ந்த வேலை அது. பூ முனையை வெட்டிவிட்டால் இலை தேவையே இல்லை.

தண்ணீர் சரியென்றால் பாத்திரம். வினாகிரியை இரும்புச் சட்டியிலும் அலுமினியத்திலும் கொதிக்க வைக்கக் கூடாது. எவர்சில்வர் அல்லது கீறல் இல்லாத எனாமல். பிஞ்சு கறுக்காமல், கண்ணைப் பறிக்கும் பச்சையாக மாறினால் அது இன்னும் மோசம். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தின் வேலை அது. சாப்பிடாதீர்கள்.

உள்ளி மட்டும் நீலமாகிறதா? விடுங்கள். உள்ளியும் புளியும் சேர்ந்தால் சில வேளை அப்படி வரும். கெடுதல் இல்லை.

## வினாகிரி 4 வீதமாக இருக்கிறது

இது அறிகுறி இல்லைத்தான், ஆனால் பாதி அறிகுறிகளின் வேர் இதில் இருப்பதால் தனியாக எழுதுகிறேன். வெளிநாட்டுச் செய்முறைகள் எல்லாம் 5 வீதத்தை வைத்துக் கணக்குப் போட்டவை. எங்கள் கடைகளில் 4 வீதப் போத்தலும் உண்டு. அதைச் சரிபாதி தண்ணீர் கலந்தால் புளிப்பு 2 வீதத்துக்கு இறங்கிவிடும். 2.5 வேண்டும். ஆகவே 4 வீத வினாகிரியில் 5 பங்குக்குத் தண்ணீர் 3 பங்கு மட்டும். புளிப்புக் கூடினால் சீனி போடுங்கள். தண்ணீர் கூட்டாதீர்கள்.

லேபிள் இல்லாத போத்தல், வீட்டில் கள்ளிலிருந்து எடுத்த வினாகிரி இரண்டும் மணத்தில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அலுமாரியில் வைக்கும் ஊறுகாய்க்கு ஆகாது. பிறிட்ஜில் வைத்து ஒரு கிழமைக்குள் தின்று முடிப்பதற்குப் பாவியுங்கள்.

புளிப்பை அளக்கும் பீ.எச். தாள் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் 1 தொடக்கம் 14 வரை காட்டும் மலிவுத் தாள் இதற்குப் போதாது. எண் குறையக் குறையப் புளிப்புக் கூட, பாதுகாப்பின் எல்லை 4.6. தாளின் பிழையையும் சேர்த்தால் 4க்குக் கீழே காட்டினால்தான் நம்பலாம். தண்ணீரில் மட்டும் தோய்த்துப் பார்க்காமல் பிஞ்சை நசுக்கி அதிலும் பாருங்கள்.

## உள்ளே கோறையாக இருக்கிறது, அல்லது சுருங்கிவிட்டது

கோறை என்றால் பிஞ்சிலேயே பிழை. முற்றியது, அல்லது பறித்து நேரமானது. போத்தலில் இடுமுன் தண்ணீர்ச் சட்டிக்குள் கொட்டுங்கள். மிதப்பதை எடுத்து வட்டமாக வெட்டி வேறாகப் போடுங்கள்.

சுருங்கினால் எடுத்த எடுப்பிலேயே உப்போ சீனியோ வினாகிரியோ கூடியிருக்கிறது. அளவைத் திரும்ப நிறுங்கள். சுருங்கியது சாப்பிடக் கெடுதல் இல்லை, விற்கத்தான் முடியாது.

## கசக்கிறது, மருந்து மணம் அடிக்கிறது

சிறுபோகத்தின் கடைசியில், வாய்க்காலில் தண்ணீர் நின்ற பிறகு பறித்த பிஞ்சு கசக்கும். செடி வாடினால் காயில் கசப்பு ஏறும். வாங்குமுன் காம்புப் பக்கம் ஒரு துண்டு பச்சையாகக் கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிஞ்சு கசக்கவில்லை, ஊறுகாய் மட்டும் கசக்கிறதென்றால் உப்பைச் சந்தேகியுங்கள். சரியாக வடியாத புது உப்பில் கசப்பு நிற்கும்.

சதகுப்பை சரக்குக் கடையில் விதையாகக் கிடைக்கும். பிள்ளைப்பேற்றுச் சரக்கில் போடுவது அதேதான் என்பதால் மணம் பிடிக்காமல் முகத்தைச் சுளிக்கிறவர்கள் உண்டு.  செய்முறையில் ஒரு மேசைக்கரண்டி என்றால் பாதியில் தொடங்குங்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மணக்காத விதை பழசு. அதை எவ்வளவு போட்டாலும் பிரயோசனமில்லை.

## மூடி இறுகவில்லை, போத்தல் வெடிக்கிறது

ஆறின பிறகு மூடியின் நடுவை விரலால் அழுத்துங்கள். "டிக்" என்று மேலும் கீழும் போனால் இறுகவில்லை. 24 மணித்தியாலத்துக்குள் என்றால் புது மூடி போட்டுத் திரும்பக் கொதிநீரில் வைக்கலாம். நேரம் கடந்துவிட்டால், அதைத் திரும்பக் கொதிக்க வைக்காதீர்கள். அன்று இரவே கண்டும் திரும்பக் கொதிநீரில் வைக்க வசதியில்லை என்றால் பிறிட்ஜுக்குள் வையுங்கள், எப்போது தளர்ந்ததென்று தெரியாவிட்டால் எறியுங்கள்.

ஏன் இறுகவில்லை? போத்தல் வாயில் உப்பு நீரோ விதையோ ஒட்டியிருக்கும், துடைத்துவிட்டு மூட வேண்டும். அடுத்தது வாயில் சிறு உடைசல், நகத்தால் சுற்றிவரத் தடவினால் அகப்படும். பெரும்பாலும் காரணம் பழைய ஜாம் போத்தல் மூடிதான். உள்ளே இருக்கும் றப்பர் வளையம் ஒருதரம் பதிந்துவிட்டால் மற்றத் தரம் பிடிக்காது. போத்தலைத் திரும்பப் பாவிக்க நினைத்தாலும் மூடிக்குக் காசைப் பாராதீர்கள்.

போத்தல் வெடிப்பது சூட்டு வித்தியாசம். குளிர்ந்த போத்தலுக்குள் கொதிநீர் ஊற்றக் கூடாது. கிடாரத்தின் அடியில் மடித்த துணி போடாமல் போத்தலை நேராக வைத்தாலும் அடி கழன்று போகும்.

## யாரிடம் போவது?

இரண்டு தரம் அளவெல்லாம் சரிபார்த்துச் செய்தும் ஒரே பழுது திரும்ப வந்தால், மூன்றாந்தரம் காசைக் கரைக்காமல் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

விற்கத் தொடங்குகிறவர்கள் முதல் போத்தலுக்கு முன்னமே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். புளிப்பளவைச் சரியான கருவியால் அளக்க வேண்டுமென்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விசாரிக்கலாம். அநுராதபுரத்தில் அறுவடைக்குப் பின்னான தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது.

போகும்போது பழுதான போத்தலை மட்டும் கொண்டுபோக வேண்டாம். அதே நாளில் செய்த, திறக்காத நல்ல போத்தல் ஒன்று, வினாகிரிப் போத்தலின் லேபிள், பாவித்த உப்பில் ஒரு பிடி, செய்த திகதி எழுதிய துண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். வீங்கிய போத்தலைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், படம் எடுத்துக் காட்டினால் போதும்.